புறாமலை போகிறோம்: மாஸ்க்கில் ஆவி படிகிறது, கூடாரமும் நிற்கவில்லை. உதவி தேவை

வவுனியாப் பொடியன்:
வணக்கம். நாங்கள் நாலு பேர், ஒரு வான், ஒரு கூடாரம். ஹொரவப்பொத்தானை வழியாக வந்து இப்போது உப்புவெளியில் நிற்கிறோம். அடுத்தது நிலாவெளியில் படகு ஏறிப் புறாமலைத் தீவு. அப்புறம் கரையோரமாகக் குச்சவெளி, புல்மோட்டை அரிசிமலை.

மிதந்துகொண்டே கடலடியைப் பார்க்கிற ஸ்நோர்க்கல் மாஸ்க் எல்லாம் புதுசு. இங்கே கடலில் இறங்கிப் பார்த்தோம். முகத்தைத் தண்ணீரில் வைத்த கொஞ்ச நேரத்திலேயே கண்ணாடி வெள்ளையாகிவிடுகிறது. கழுவிப் போட்டாலும் அதே கதை. எனக்கு மட்டும் மூக்குக்குக் கீழே தண்ணீரும் வருகிறது, பட்டியை எவ்வளவு இறுக்கியும் நிற்கவில்லை.

மற்றது கூடாரம். ராத்திரி காற்று எழும்பியதும் ஆணிகள் மணலைவிட்டு ஒவ்வொன்றாகக் கிளம்பிவிட்டன. நீளமான ஆணி வாங்கினால் சரியாகுமா? தீவிலேயே கூடாரம் அடிக்கலாமா என்றும் தம்பி கேட்கிறான்.

நிலாவெளி அக்கா:
தம்பிக்கு முதலில் சொல்லிவிடுங்கள்: தீவில் இரவு தங்க முடியாது. 2003 முதல் அது தேசியப் பூங்கா, வனஜீவராசிகள் திணைக்களத்தின் பொறுப்பில் இருக்கிறது. நிலாவெளிக் கரையில் ரிக்கெற் எடுத்துப் படகில் போய், பகலிலேயே திரும்ப வேண்டும். காலையில் முதல் படகுகளோடு போங்கள். கூட்டம் ஏறினால் ஆட்கள் மணலைக் கலக்கிவிடுவார்கள், பிறகு அடியில் ஒன்றும் தெரியாது.

கூடாரத்தைக் கரையில் யாராவது வீட்டுக்காரரிடமோ விடுதிக்காரரிடமோ கேட்டு, அவர்கள் வளவுக்குள் அடிப்பதுதான் நல்லது.

கரைவலை:
தம்பி, உலர்ந்த மணலில் எவ்வளவு நீள ஆணியும் நிற்காது. வெறும் உரப்பையிலோ கடைப் பையிலோ மணலை நிரப்பி, வாயைக் கட்டி, கூடாரக் கயிற்றை அதில் முடிந்து முழங்கை ஆழத்துக்குப் புதையுங்கள். மேலே மணலைப் போட்டு மிதித்துவிடுங்கள். பை இல்லாவிட்டால் ஒரு தடித்த கம்பைக் கிடையாகப் புதைத்து, நடுவில் கயிற்றைக் கட்டலாம். இந்தக் காலத்தில் இங்கே கச்சான் காற்று தரையிலிருந்துதான் வரும். அதனால் கூடார வாசல் கடலைப் பார்க்கட்டும். போகும்போது பைகளைக் கிளப்பி எடுத்துக்கொண்டு போங்கள்.

சல்லி சுழியோடி:
மாஸ்க் விஷயம். புது மாஸ்க்கில் தொழிற்சாலையிலிருந்தே ஒரு மெல்லிய சிலிக்கோன் படலம் கண்ணாடியில் ஒட்டியிருக்கும். மூச்சின் ஈரம் அதில் பொட்டுப் பொட்டாக நிற்கும், அதுதான் அந்த வெள்ளை. சும்மா தண்ணீரில் கழுவினால் போகாது. வெள்ளைப் பற்பசையை உள்பக்கத்தில் பூசி விரலால் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். ஒரு தடவையோடு போகாது, திரும்பத் திரும்பச் செய்யுங்கள். ஜெல் பற்பசை வேண்டாம், அதில் தேய்க்கிற தூள் போதாது.

அப்புறம் ஒவ்வொரு முறை இறங்கும் முன்னும் உள்ளே துப்பித் தடவி, கடல் நீரில் ஒரு அலசு. அருவருப்பாக இருந்தால் பேபி ஷாம்பு ஒரு துளி. மூக்கால் மூச்சு விடாதீர்கள். மேலே வந்ததும் மாஸ்க்கை நெற்றியில் ஏற்றி வைக்கவும் வேண்டாம், அந்தச் சூட்டிலும் ஆவி படியும்.

மட்டிக்களிக்காரன்:
பற்பசையா? என் நண்பனின் மாஸ்க் முழுக்கக் கீறல் விழுந்தது அதனால்தான்.

சல்லி சுழியோடி:
அது பிளாஸ்ரிக் கண்ணாடியாக இருந்திருக்கும். ஓரத்தில் 'டெம்பர்ட்' (உறுதியாக்கிய நிஜக் கண்ணாடி) என்று பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பயமில்லாமல் தேய்க்கலாம். ஆவி படியாத பூச்சு ஏற்கெனவே உள்ளதென்றாலும் தேய்க்க வேண்டாம், பூச்சு போய்விடும். அந்த இரண்டுக்கும் ஷாம்பு மட்டும்.

தண்ணீர் வருவதற்கு: பட்டியை இறுக்க இறுக்க விளிம்பு மடிந்து இன்னும் கூட வரும். பட்டியை விட்டுவிட்டு மாஸ்க்கை முகத்தில் வைத்து மூக்கால் உறிஞ்சுங்கள். கையை எடுத்தாலும் விழாமல் நின்றால் அளவு சரி. பொடியன், உங்களுக்கு மீசை உண்டா?

வவுனியாப் பொடியன்:
உண்டு, பெரிய மீசை! 'டெம்பர்ட்' என்று இருக்கிறது, தேய்த்தாயிற்று. மற்ற மூன்று பேருக்கும் இப்போது தெளிவாக இருக்கிறதாம். மீசைக்கு வாஸ்லின் பூசலாமா?

சல்லி சுழியோடி:
விளிம்பு ரப்பர் என்றால் வாஸ்லின் அதைக் கெடுத்துவிடும். மூக்குக்கு நேர் கீழே ஒரு மெல்லிய கோடு மட்டும் வழியுங்கள். விளிம்பு தோலில் பட்டால் போதும், மீதி மீசை தப்பும்.

நிலாவெளி அக்கா:
வெயில் கிரீம் பூசாமல் நீளக்கைச் சட்டை போட்டு இறங்குங்கள், சில கிரீம்கள் முருகைக்கல்லுக்கு (பவளப்பாறைக்கு) கூடாது. தீவுக் கரை செத்த முருகைத் துண்டுகளால் நிரம்பியிருக்கும், செருப்பு இல்லாமல் நடக்க முடியாது. அதில் ஒன்றையும் பொறுக்கிக்கொண்டு வரக்கூடாது. ஆழமில்லாத இடத்தில் செட்டை நுனி கறுத்த சுறாக்கள் வரும். விரட்டாமல் விட்டால் அவை தம் பாட்டில் போகும்.

வவுனியாப் பொடியன்:
சுறா என்றதும் தம்பி அமைதியாகிவிட்டான். கடைசியாக ஒன்று: எங்களில் ஒருவருக்கு நீச்சல் அரைகுறை. லைஃப் ஜாக்கெற்றோடு ஸ்நோர்க்கல் செய்யலாமா?

கரைவலை:
தாராளமாக. குப்புற மிதந்துகொண்டே பார்க்கலாம். களைத்தால் முருகைக்கல்லில் ஏறி நிற்காமல் மல்லாந்து படுக்கச் சொல்லுங்கள். கால் பட்டால் கல்லும் உடையும், காலும் கிழியும். படகுக்காரரிடம் முன்கூட்டியே சொன்னால் நீரோட்டம் குறைந்த பக்கத்தைக் காட்டுவார்.