கை மறக்க மாட்டேன் என்கிறது: வீடியோ கேம்களின் இரண்டாம் பாக அனுபவங்கள்

சில்க்போர்டு பயணி:
ஹாலோ நைட் கேமை மூன்று தடவை முடித்தவன் நான். அந்தத் திமிரில்தான் அதன் அடுத்த பாகமான சில்க்சாங்கைத் தொடங்கினேன். 2019 பிப்ரவரியில் அறிவித்துவிட்டு 2025 செப்டம்பர் 4 வரை காக்க வைத்தார்கள். ஆஸ்திரேலியாவில் விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்கள் செய்கிற கேம், அதனால் கோபமில்லை. தினமும் பெங்களூரு சில்க் போர்டு சிக்னல் நெரிசலைத் தாண்டி ஆபீஸ் போகிறவனுக்குக் காத்திருப்பது புதிதா என்ன?

முதல் பாகத்தில் அந்தரத்தில் நின்று ஆயுதத்தைக் கீழ்நோக்கி வீசினால் வீச்சு நேர் கீழேதான் போகும். இதில் நாம் ஆட்டுவிக்கும் நாயகி ஹார்னெட் சாய்வாகப் பாய்கிறாள். கேட்க இவ்வளவுதான், ஆனால் ஹன்டர்ஸ் மார்ச் என்ற இடத்தில் சிவப்பாக, மொட்டு மாதிரி நிற்பவற்றின் மேல் குத்திக் குத்தித் தாண்ட வேண்டும், என் கட்டைவிரலோ எட்டு வருடப் பழக்கத்தில் மொட்டுக்கு நேர் மேலே போய் அழுத்துகிறது, அவள் அதைத் தாண்டிப் போய் முள்ளில் விழுகிறாள். ஒரு சனிக்கிழமை முழுக்க இதே கூத்து.

மறுநாள் அல்சூரில் அக்கா வீட்டுக்கு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போனேன். எட்டாவது படிக்கும் பையன் கன்ட்ரோலரை வாங்கினான். முதல் பாகத்தைப் பார்த்ததே இல்லை அவன். பத்து நிமிடத்தில் தாண்டிவிட்டான். "மாமா, அவ சாய்ஞ்சுதானே போறா, நீங்க ஏன் மேல போய் நிக்கிறீங்க?" என்றான். என்ன பதில் சொல்வது?

இன்னொரு அவமானமும் உண்டு. அதே இடத்தில் ஒரு பெஞ்ச். பெஞ்ச் என்றால் நிம்மதி, உயிர் நிரம்பும், சேவ் ஆகும். அப்பாடா என்று உட்கார்ந்தேன். அடி விழுந்தது! பெஞ்சுக்கே பொறி வைத்திருக்கிறார்கள், பாவிகள். பையன் சிரித்த சிரிப்பில் அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

ஹோசூர் ரோடு:
எனக்கு நேர் எதிர். காட் ஆஃப் வார் கேம் 2018இல் ஆடியது, 2022இல் அதன் அடுத்த பாகமான ரக்னராக். கோடரி கையில் வந்ததும் விரல் தானாக ஓடியது, ஒன்றும் புதிதாகக் கற்க வேண்டியிருக்கவில்லை. இடிக் கடவுள் தோர் வீட்டுக்கே வந்து உட்கார்ந்து மது ஊற்றும் காட்சி ஒன்று போதும், கொடுத்த காசு சரியாகிவிட்டது. ஆனால் கூட வருகிறவர்கள் வாயை மூடுவதில்லை. ஒரு புதிரை நின்று பார்ப்பதற்குள் "அதை அடி, இதைத் திருப்பு" என்று தொடங்கிவிடுகிறார்கள். காரில் பின்சீட்டில் உட்கார்ந்து வழி சொல்லும் பெரியப்பா ஞாபகம்தான் வந்தது.

பனசங்கரி:
சில்க்போர்டு, வாண்டரர் கிரெஸ்ட் என்று ஒன்று உண்டு, ஹார்னெட்டின் சண்டை முறையையே மாற்றும் சின்னம், அதைத் தேடி எடுத்து மாட்டுங்கள். குத்து பழையபடி நேர் கீழே போகும்.

சில்க்போர்டு பயணி:
நன்றி நண்பரே, நேற்று ராத்திரி எடுத்து மாட்டினேன். இதற்குள் கை சாய்வுக்குப் பழகிவிட்டது போல. இப்போது நேராகக் குத்த வரவில்லை, மறுபடி முள்ளில்தான் கிடக்கிறேன்.