ஹலேயாக்கலாவில் வெள்ளிவாள் பூத்திருந்தது

ஹவாயின் மாவி தீவில் ஹலேயாக்கலா எரிமலைக்கு (3,055 மீட்டர்) எல்லோரும் சூரிய உதயம் பார்க்கத்தான் போவார்கள். போன ஜூலையில் நாங்களும் அதற்குத்தான் போனோம். உதயம் முடிந்ததும் கூட்டம் காரை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டது. சரி, இவ்வளவு தூரம் வந்தாயிற்றே என்று எரிமலைப் பள்ளத்துக்குள் போகும் பாதையில் கொஞ்சம் நடந்தோம்.

செம்மண் நிறத்தில் வெறும் எரிமலைச் சரளை. அதன் நடுவே வெள்ளிப் பந்து போல ஒரு செடி! வெள்ளிவாள். ஹவாய் மொழியில் ஆஹினாஹினா. சூரியகாந்திக் குடும்பம், இந்த வகை உலகத்திலேயே இந்த ஒரு மலையில்தான் உண்டு. கத்தி போன்ற இலைகள் முழுக்கப் பட்டு மாதிரி மெல்லிய ரோமம். உச்சிவெயிலையும் வறட்சியையும் தாங்குவது அதனால்தான். இன்னும் கொஞ்சம் தள்ளி ஒன்று பூத்திருந்தது. என் உயரத்துக்குத் தண்டு, அதில் நூற்றுக்கணக்கில் கருஞ்சிவப்புப் பூக்கள்! தண்டின் பிசுபிசுப்பில் குட்டிப் பூச்சிகள் ஒட்டிக்கொண்டிருந்தன.

படம் எடுக்கும் ஆசையில் பாதையை விட்டு இரண்டு அடி வைத்துவிட்டேன். பூங்கா ஊழியர் ஒருவர் தன்மையாகக் கூப்பிட்டு நிறுத்தினார். வேர் மேலாகவே ஓடுமாம், சரளையில் மிதித்தால் நசுங்கிவிடுமாம். இருபது வருஷமோ, தொண்ணூறு வருஷமோ காத்திருந்து ஒரே ஒரு தடவை பூக்கிற செடி. விதை விட்டதும் பட்டுப்போகும். வாழையாவது பக்கக்கன்று விட்டுப் போகும்; இதற்கு விதை ஒன்றுதான் வழி. அந்த விதைக்கும் பக்கத்தில் இன்னொரு செடி பூத்திருக்க வேண்டும், தேனீ வர வேண்டும். என் காலடியை நினைத்து அன்று முழுக்க மனசு கேட்கவில்லை.

முன்பு வந்தவர்கள் நினைவுக்காகப் பிடுங்கிக்கொண்டு போனார்கள், ஆடுமாடுகள் தின்றன. 1920களில் கிட்டத்தட்ட அழிந்தே போயிருந்தது. பாதுகாப்பு வந்த பிறகு ஆயிரக்கணக்கில் மீண்டது. இப்போது வறட்சியில் மறுபடி குறைகிறது என்பதுதான் வேதனை. நீங்கள் யாராவது பார்த்திருக்கிறீர்களா?

* * *

அக்கா, நான் போனது டிசம்பரில். பூ கிடைக்கவில்லை, காய்ந்த தண்டு மட்டும் சாம்பல் நிறத்தில் நின்றது. அடியில் இலைகள் எல்லாம் சுருண்டு தொங்கின. பார்க்கவே கஷ்டமாக இருந்தது. அப்புறம் குனிந்து பார்த்தால், ஒரு முழம் தள்ளி, கல் இடுக்கில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு வெள்ளிக் குட்டி! பாதையில் நின்றபடியே ஜூம் பண்ணிப் படம் எடுத்தேன். கொஞ்சம் மங்கல்தான், பரவாயில்லை.