பைலட் பில்டரில் 6 மணி நேரத்திலேயே கலங்கல் வருகிறது, ஹெட் லாஸ் ஏறவே இல்லை

கேள்வி:
கிளாரிபையரும் (துகளைப் படியவிடும் தொட்டி) இரட்டை மீடியா பில்டரும் (இரண்டு அடுக்கு வடிகட்டி) வைத்து பைலட் (சிறிய சோதனை நிலையம்) ஓட்டுகிறோம். மூல நீர் மணிக்கு 300 லிட்டர். கலங்கல் 18 என்.டி.யு. (கலங்கலின் அலகு), பி.எச். 7.8, காரத்தன்மை 60 மி.கி./லி. ஜார் டெஸ்டில் (ஜாடியில் கலக்கித் தெளியவிட்டு டோஸ் பார்க்கும் சோதனை) லிட்டருக்கு 30 மி.கி. படிகாரத்துக்கு 1.2 என்.டி.யு. கிடைத்தது. அதே டோஸில் பைலட் கிளாரிபையர் 3-க்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறது. பில்டர் 100 மி.மீ. குழாய்: மேலே 1.0 மி.மீ. ஆந்த்ரசைட் (நிலக்கரி மணி) 600 மி.மீ., கீழே 0.5 மி.மீ. மணல் 250 மி.மீ., வேகம் 8 மீ./மணி. முதலில் 0.15 வரும், ஆறாவது மணியில் 0.5-ஐத் தாண்டிவிடும். அப்போது ஹெட் லாஸ் (மீடியா வழியே போகையில் இழக்கும் நீரழுத்தம்) 0.6 மீட்டர்தான், கைவசம் 2 மீட்டர் இருக்கிறது. குழாய் சிறியது என்பதால் சுவர் ஓரமாகத் தண்ணீர் நழுவுகிறதா? மீடியாவை மாற்றலாமா?

பதில்:
மீடியாவைத் தொடாதீர்கள் சார். குழாய் விட்டம் மணியைப்போல் 50 மடங்கு இருந்தாலே ஓரக்கசிவு பொருட்டல்ல. ஆந்த்ரசைட்டுக்கே உங்களிடம் 100 மடங்கு இருக்கிறது. ஆழத்தை மணி அளவால் வகுத்துக் கூட்டினால் 600 + 500 = 1100, அதுவும் போதும். ஹெட் லாஸ் ஏறாமல் கலங்கல் வந்தால், வருகிற துகள் மீடியாவில் ஒட்டவில்லை. வெளிவால்வைக் கையால் திருகுகிறீர்களா? வெடுக்கென்று திறந்தாலே பிடித்த அழுக்கு கழன்று வரும். பில்டருக்கு முன்னால் அயனியில்லா பாலிமர் 0.02 மி.கி./லி. விட்டுப் பாருங்கள்.

இன்னொரு பதில்:
பாலிமர் இப்போது வேண்டாம், உண்மையான கோளாறை மூடிவிடும். ஜாரும் பைலட்டும் எந்த இடத்தில் பிரிகின்றன என்று பாருங்கள். ராபிட் மிக்ஸ் (படிகாரத்தை வேகமாகக் கலக்கும் தொட்டி) தாண்டியதும் 1 லிட்டர் பிடித்து, படிகாரம் ஒரு சொட்டும் சேர்க்காமல் ஜார் கருவியில் மெதுவாகக் கலக்கித் தெளிய விடுங்கள். 1.2 பக்கம் வந்தால் குற்றம் பிளாக் டாங்கிலோ (மெதுவாகக் கலக்கித் துகளைத் திரளவைக்கும் தொட்டி) கிளாரிபையரிலோ; வராவிட்டால் டோசிங்கில்.

மாதிரி எடுக்கும் நேரமும் முக்கியம். 10 செ.மீ. ஆழத்தில் 10-வது நிமிடம் எடுத்தால் அது 0.6 மீ./மணி படிவு வேகம். கிளாரிபையரின் மேற்பரப்பு வேகம் (ஓட்டத்தைப் பரப்பால் வகுத்தது) 1.2 மீ./மணி என்றால் 5-வது நிமிடமே எடுக்க வேண்டும். அரை மணி நேரம் தெளியவிட்ட ஜாரோடு ஒப்பிட்டால் பைலட் எப்போதும் தோற்கும்.

கேட்டவர்:
மூன்று முறை பிடித்தோம்: 1.4, 3.6, 2.2. வால்வைத் தொடுவதில்லை. படிகாரக் கரைசல் லிட்டருக்கு 100 கிராம், பம்ப் நிமிடத்துக்கு 3 அடி (ஸ்ட்ரோக்), அடிக்கு 0.5 மி.லி. ராபிட் மிக்ஸ் டாங்க் 2.5 லிட்டர். பிளாக் டாங்கில் 20 நிமிடம் நிற்கிறதே, அங்கே சமமாகிவிடாதா?

பதில்:
அந்த மூன்று எண்களே சொல்லிவிட்டன. ஒவ்வொரு அடிக்கும் 50 மி.கி. விழுகிறது, 2.5 லிட்டரில் அது ஒரே தாவலில் 20 மி.கி./லி. அடுத்த அடிக்கு 20 விநாடி, டாங்கில் தண்ணீர் நிற்பதோ 30 விநாடி. கணக்குப் போட்டால் டோஸ் 21-க்கும் 41-க்கும் நடுவே ஊசலாடுகிறது, சராசரி மட்டும் 30. படிகாரம் சில விநாடிகளில் ஹைட்ராக்சைடாகிவிடும். அதிகம் வாங்கிய தண்ணீரில் மிஞ்சியது, பிறகு போய்க் குறைவாக வாங்கிய தண்ணீரின் துகளைச் சரிசெய்யாது. பிளாக் டாங்க் கலக்கும், நடந்ததைத் திருப்பாது.

கரைசலை லிட்டருக்கு 10 கிராமாக்கி நிமிடத்துக்கு 30 அடி வையுங்கள். தாவல் 2 மி.கி.க்கு இறங்கும். காரத்தன்மை குறைந்த நீரில் தினமும் புதிதாகக் கரைக்கவும். இதைவிட நீர்த்தால் பாத்திரத்திலேயே திரிய ஆரம்பிக்கும். ராபிட் மிக்ஸ் வெளியில் பி.எச். மீட்டரைப் பிடித்தால் மாற்றம் கண்ணுக்கே தெரியும்.

சரியான பிறகு ஓட்டத்தை மணிக்கணக்கில் அளக்காதீர்கள். இப்போது 8 × 6 = 48 கன மீட்டர்/சதுர மீட்டர்தான் வடிகட்டியிருக்கிறீர்கள். 200-ஐக் குறி வையுங்கள், அதாவது 25 மணி. அதற்குப் பிறகு மீடியாவைப் பற்றிப் பேசலாம்.

கேட்டவர்:
பழைய கரைசலில் பி.எச். 6.6-க்கும் 6.9-க்கும் இடையே ஆடியது, இப்போது 6.8-இல் நிற்கிறது. கிளாரிபையரில் 1.4. பில்டர் 14-வது மணியில், 0.12.