பனம்பழமும் அதன் காறலும்: எங்கள் வீட்டு அனுபவம்

யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் எங்கள் வளவில் பதினொரு பெண்பனைகள் நிற்கின்றன. ஆடி பிறந்துவிட்டால் இரவில் 'தொம்' என்று விழும் பழங்களை எண்ணிக்கொண்டே உறங்கிய காலம் ஒன்று உண்டு; விடியுமுன் ஓடிப்போய்ப் பொறுக்காவிட்டால் பக்கத்து வளவுப் பிள்ளைகள் முந்திவிடுவார்கள். இப்போது முந்துவதற்கு எவரும் இல்லை. விழுபவற்றில் பாதியை மாடுகள் சூப்புகின்றன, மீதியில் வண்டு மொய்க்கிறது. கிழங்குக்குப் பாத்தி போடுவதற்காக விதையை மட்டும் சிலர் கேட்டு வாங்கிப் போகிறார்கள்.

சென்ற ஆண்டு நடந்த ஒன்றைப் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். என் தாயாருக்கு நீண்ட காலமாகச் சலரோகம் (நீரிழிவு) இருக்கிறது. வீட்டுக்கு வந்த உறவினர் ஒருவர், "பனங்காய் சலரோகத்துக்கு மருந்தெல்லோ மாமி, பயப்பிடாமல் சாப்பிடுங்கோ" என்று சொல்லிவிட்டு, தாம் கொண்டுவந்த பனங்காய்ப் பணியாரத்தில் ஒரு கிண்ணம் நிறையக் கொடுத்துப் போனார். அன்று மாலையில் பரிசோதித்தபோது இரத்தத்தில் சர்க்கரை என்றும் இல்லாத அளவுக்கு ஏறியிருந்தது. அந்த உறவினர் சொன்னது முழுப் பொய்யும் அல்ல என்பது, பிறகு தேடிப் படித்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

பழத்தைப் பிசைந்தெடுக்கும் பனங்களியில் இருக்கும் கசப்பை, அதாவது நாங்கள் காறல் என்று சொல்வதை, உண்டாக்குவது பிளாபெலிபெரின் எனப்படும் சப்போனின் வகைப் பொருள். ஸ்ரீ ஜயவர்த்தனபுரப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து, எலிகளின் குடல் குளுக்கோசை உறிஞ்சுவதை இது குறைக்கிறது என்று கண்டிருக்கிறார்கள். சப்போனின் நீரில் நுரைக்கும் தன்மையுடையது. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குச் சவர்க்காரம் வராத நாட்களில் என் தாயார் பனம்பழத்தைத் தேய்த்துத் துணி துவைத்ததும், உடுப்புகள் பழவாசனையோடு கொடியில் காய்ந்ததும் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. அந்த நுரையின் காரணம் இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு தெரிந்தது.

ஆனால் பணியாரம் சுடுபவர் எவரும் காறல் பழத்தை எடுப்பதில்லை. இனிப்பான மரமாகப் பார்த்துப் பழம் பொறுக்கி, தோலுரித்துப் பிசைந்து, களியைத் துணியில் வடித்து, சீனியைக் கொட்டிப் பச்சை வாடை போகும்வரை காய்ச்சி, கோதுமை மாவைச் சேர்த்துக் கொதிக்கும் எண்ணெயில் கிள்ளிப் போடுகிறோம். எதற்காக மருந்து என்கிறார்களோ அதை முதலிலேயே ஒதுக்கிவிட்டு, அந்த இடத்தில் சீனியையும் மாவையும் வைத்துக்கொண்டு, பெயரை மட்டும் நம்பி உண்கிறோம். எலியில் கண்டது மனிதருக்கு மருந்தாகிவிடாது என்பது வேறு.

இதனால் பனம்பழத்தில் சத்தே இல்லை என்று எவரும் எண்ண வேண்டாம். அந்தச் செம்மஞ்சள் நிறம் கரோட்டின்களால் வருவது. அவற்றில் சிலவற்றை உடல் விற்றமின் ஏ-ஆக மாற்றிக்கொள்ளும். கொழுப்போடு சேர்ந்தால்தான் கரோட்டின் குடலில் நன்கு உறிஞ்சப்படும் என்பதால், எண்ணெயில் சுட்ட பணியாரம் வளரும் பிள்ளைக்குக் கெட்ட பண்டம் அல்ல. களியை வழுவழுப்பாக்கும் பெக்டின், கரையும் நார்ச்சத்து வகை. களியைப் பாயில் பரவி, காய்ந்ததன்மேல் மறுபடி பரவி எடுக்கும் பனாட்டு அடுத்த பருவம்வரை கெடாமல் இருக்கும். ஆயினும் நீர் வற்றுவதால் அதில் இனிப்புச் செறிகிறது, வெயிலில் கரோட்டினும் ஓரளவு அழிகிறது. பாணிப் பனாட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அது இனிப்புப் பாகான பாணியிலேயே ஊறுவது!

இப்போது எங்கள் வீட்டில் களியைச் சீனி சேர்க்காமல் காய்ச்சி, குரக்கன் (கேழ்வரகு) மாவும் தேங்காய்ப்பாலும் விட்டுக் கூழாக்குகிறோம். தாயாருக்கு அரைக் கோப்பைதான், அதுவும் அன்றைய சோற்றைக் குறைத்த பிறகு.

தூத்துக்குடி மாவட்டத்திலிருந்து ஓர் உறுப்பினர்:

எங்கள் ஊரில் கோடையிலேயே நுங்குக்குக் குலையை வெட்டிவிடுவதால் பழுக்கும்வரை மரத்தில் தங்குவது குறைவு. தப்பிய பழத்தை ஆச்சி தணலில் புரட்டிச் சுட்டுத் தருவார்கள். நாரோடு சூப்பிவிட்டு வாயெல்லாம் மஞ்சளாகத் திரிந்திருக்கிறோம். சுட்டால் கசப்பு தணியும் என்று ஆச்சி சொல்வார்கள். கருப்பட்டி போட்டு அவித்தும் தின்போம். வெறும் வயிற்றில் அளவுக்கு மீறித் தின்ற ஒரு நாள் வயிறு மந்தித்துப் படுத்துவிட்டேன். ஒரு மரத்துப் பழம் கசக்குமா என்று முன்கூட்டியே அறிய வழி உண்டா, ஐயா?

முதல் பதிவாளர்:

பழத்தின் நிறத்தையோ பருமனையோ வைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது, தம்பி. பழத்தின் காம்படி மூடியான மூக்கைக் கழற்றி, சிறிது களியை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டியதுதான். மரத்துக்கு மரம் காறல் மாறும். எங்கள் பதினொன்றில் வேலியோரம் நிற்கும் மூன்றும் கடுங்காறல். அவற்றின் பழத்தை அன்றும் இன்றும் மாடுதான் தின்கிறது.