கீழக்கரையிலிருந்து குடும்பத்தோடு விரைந்து செல்ல ஓர் எஸ்டேட் கார்: எதைத் தேர்வது?

கேள்வி: கீழக்கரைவாசி

அன்பர்கள் அனைவருக்கும் வணக்கம். வீட்டில் நானும் மனைவியும், எட்டு வயதிலும் மூன்று வயதிலும் இரு பிள்ளைகளும், முழங்கால் தேய்வினால் நெடுநேரம் நடக்க இயலாத என் உம்மாவும் இருக்கிறோம். உம்மாவின் சிகிச்சைக்காக மதுரைக்கு அடிக்கடி செல்ல வேண்டியுள்ளது. பள்ளி விடுமுறை நாட்களில் தேவகோட்டை, காரைக்குடி, திருச்சி வழியாகச் சென்னைக்குப் போகிறோம். மடக்கும் சக்கர நாற்காலி, சிறியவளின் தள்ளுவண்டி, ஐந்து பேருக்கான பெட்டிகள், திரும்பும்போது உறவினர்கள் ஏற்றிவிடும் சாமான்கள் என எல்லாமே ஒரே காரில் ஏறியாக வேண்டும்.

வேலை நிமித்தமாகச் சில ஆண்டுகள் ஜெர்மனியில் இருந்தபோது எஸ்டேட் கார் ஓட்டிப் பழகினேன். செடானைப் போலத் தாழ்ந்து, கூரை பின்கதவு வரை நீண்டு, சாலையைப் பற்றிக்கொண்டு வேகமாக ஓடும் அந்தக் கார், பின்கதவைத் தூக்கினால் ஒரு வீட்டுச் சாமானையே வாங்கிக்கொள்ளும். ஊர் திரும்பிய பிறகு உயரமான எஸ்யூவி சிலவற்றை ஓட்டிப் பார்த்தேன். வளைவுகளில் அவை சாய்வதும், அப்போது பின்னிருக்கையில் பிள்ளைகளுக்கு வாந்தி வருவதும் எனக்கு ஒத்துவரவில்லை. முப்பது லட்சம் ரூபாய் வரை செலவிட இயலும். பழைய காராக இருந்தாலும் தயக்கமில்லை. வேகமும் குடும்ப வசதியும் ஒருங்கே அமைந்த எஸ்டேட் கார் நம் நாட்டில் கிடைக்குமா? கிடைக்காதெனில், அதற்கு மிக அருகில் நிற்பது எது?

பதில்: சேதுச்சாலை

சகோதரரே, உங்கள் விருப்பம் நியாயமானது. எடையும் டயரும் ஒன்றாக இருக்கும் இரண்டு கார்களில், எடையின் மையம் எதில் தாழ்ந்திருக்கிறதோ அதில், வளைவில் உள்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு மாறும் பாரம் குறைவு. அந்தக் கார் குறைவாகச் சாயும், திடீரென்று திருப்ப நேர்ந்தாலும் எளிதில் நிலைகுலையாது. சாமான்களைக் கூரைமேல் கட்டாமல் பின்னிருக்கைக்குப் பின்னால் தாழ்வாக அடுக்குவதால், பாரம் ஏறிய பிறகும் எஸ்டேட் தன் குணத்தை இழப்பதில்லை. 1994-இல் ஆடி நிறுவனம் போர்ஷேயுடன் சேர்ந்து 315 குதிரைத்திறன் கொண்ட ஆர்எஸ்2 அவாண்ட்டை விற்பனைக்குக் கொண்டுவந்ததும், அதே ஆண்டில் வோல்வோ தன் 850 எஸ்டேட்டை பிரிட்டிஷ் டூரிங் கார் பந்தயத்தில் இறக்கியதும், இந்த உடலமைப்பு வேகத்துக்குத் தடையன்று என்பதை அப்போதே காட்டிவிட்டன.

நம் நாட்டில் எஸ்டேட்டின் கதை சோகமானது. டாடா எஸ்டேட், மாருதி பலேனோ அல்டூரா, டாடா இண்டிகோ மரீனா, முதல் தலைமுறை ஸ்கோடா ஆக்டேவியா காம்பி எல்லாமே வந்து, நிலைக்காமல் போயின. 2015-இல் ஆடி ஆர்எஸ்6 அவாண்ட் வந்தது. அதன் 560 குதிரைத்திறனும் விலையும் நம் பேச்சுக்கு அப்பாற்பட்டவை. 2017-இல் வந்த வோல்வோ வி90 கிராஸ் கண்ட்ரி ஒன்றே உங்கள் கேள்விக்கு நேரான விடை. 235 குதிரைத்திறனும் 480 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசையும் உடைய டீசல் என்ஜின், நான்கு சக்கர இயக்கம், 560 லிட்டர் டிக்கி, 210 மில்லிமீட்டர் தரை இடைவெளி என எல்லாம் அதில் உண்டு. புதிதாக இப்போது கிடைக்காது. அப்போதே விற்றவை மிகக் குறைவென்பதால், நல்ல நிலையில் ஒன்று கிடைக்கும் வரை பொறுமையாகத் தேட வேண்டியிருக்கும்.

எந்தக் காரைப் பார்ப்பதற்கு முன்பும், நம் பகுதியில் வேகம் எதற்குத் தேவைப்படுகிறது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். மதுரையிலிருந்து பரமக்குடி வரை நான்குவழிச் சாலை. அங்கே எந்தக் காரும் ஓடும். பரமக்குடிக்கும் ராமநாதபுரத்துக்கும் இடையிலான இருவழிச் சாலையில்தான் உண்மையான சோதனை. அதை நான்குவழியாக்க 2025 ஜூலையில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்துள்ளது என்றாலும், வேலை முடியும் வரை, யாத்திரைப் பேருந்துகளையும் மீன் லாரிகளையும் எதிர்த்தடத்தில் ஏறித்தான் முந்த வேண்டும். மணிக்கு 90 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 25 மீட்டர். எதிரே வருபவரும் அதே வேகத்தில் வந்தால், உங்கள் இருவருக்கும் நடுவிலுள்ள சாலை நொடிக்கு 50 மீட்டர் வீதம் கரைகிறது. ஒரு பேருந்தை முந்தி முடிக்க உங்கள் கார் இரண்டு நொடி குறைவாக எடுத்துக்கொண்டால், 100 மீட்டர் சாலை உங்களுக்கு மிச்சமாகிறது. ஐந்து பேரும் சாமானும் ஏறிய காரில் அந்த இரண்டு நொடியைத் தருவது, 60-இலிருந்து 90 வரை தயக்கமின்றி இழுக்கும் நடுவேக முறுக்கு விசைதான். விளம்பரத்தில் போடும் உச்ச வேகம் நமக்கு எங்கும் பயன்படாது. சட்டமும் அதற்கு இடம் கொடுக்காது.

வி90 கிடைக்காவிட்டால் என் பரிந்துரை 2021-இல் வந்த நான்காம் தலைமுறை ஆக்டேவியா. பார்வைக்குச் செடானாகத் தெரிந்தாலும் அது செடான் அன்று. பின்கண்ணாடியும் சேர்ந்தே மேலே திறக்கும் லிஃப்ட்பேக். 190 குதிரைத்திறன், 320 நியூட்டன் மீட்டர், 600 லிட்டர் டிக்கி. எஸ்டேட்டின் நீளக் கூரை ஒன்றைத் தவிர நீங்கள் கேட்ட அனைத்தும் அதில் இருக்கின்றன.

பதில்: மண்டபம் முகாம்

மேலே சொன்ன தேர்வுகளை நான் மறுக்கவில்லை. ஆனால் வாங்கும் காரை நம் கடற்கரையில் வைத்துக் காப்பாற்ற வேண்டும் என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும். காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வகம், உலோகங்கள் கடற்காற்றில் எப்படி அரிக்கின்றன என்று சோதிப்பதற்கான தன் நிலையத்தை மண்டபத்தில் அமைத்திருக்கிறது. அந்த வேலைக்கு நம் காற்று அவ்வளவு பொருத்தமானது.

உப்புத் துகள் இரும்பின்மேல் படிந்துவிட்டால், காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டும் ஒவ்வொரு இரவும் அது தானாகவே ஈரத்தை இழுத்துக் கரைசலாகிவிடும். மழை பெய்யாத நாளிலும் காரின் அடிப்பகுதி நனைந்தே கிடக்கும். அலுமினியத்தை இயல்பாகக் காக்கும் மெல்லிய படலத்தையும் குளோரைடு துளைத்துவிடுகிறது. எனவே முதலில் கெடுவது நாம் பார்க்கும் கதவோ பானெட்டோ அன்று. ஏசி கண்டென்சர், ரேடியேட்டரின் மெல்லிய தகடுகள், பிரேக் குழாய்கள், அடிச்சட்டத்தின் போல்ட்டுகள், மின்கம்பி இணைப்புகள் ஆகியவைதான். வேகமான காரில் இவை கூடுதல் நுட்பமானவை. மாற்றுச் செலவும் கூடுதல். ஏர் சஸ்பென்ஷன் (ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்றுப் பைகள் காரைத் தாங்கும் அமைப்பு) உள்ள காராக இருந்தால், அதன் கம்ப்ரஸரையும் காற்றுக் குழாய் இணைப்புகளையும் தனியாகச் சோதிக்காமல் முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.

இன்னொன்றையும் வலியுறுத்திச் சொல்கிறேன். நம் கரையோர ஊர்களில் பெரும்பாலான ஆழ்துளைக் கிணறுகளின் நீர் உவர்ப்பானது. அந்த நீரால் அடிப்பாகத்தைக் கழுவினால் உப்பைக் கழுவவில்லை, புதிதாகப் பூசுகிறீர்கள். குறைந்த அளவானாலும் நல்ல தண்ணீரால் கழுவுங்கள். தனுஷ்கோடி சென்று வந்த நாளில் மறுநாளுக்குத் தள்ளாதீர்கள். அரிச்சல்முனைச் சாலையில் மணல் ஏறிக் கிடக்கும் இடங்களில் தாழ்ந்த கார் மெதுவாகவே போக வேண்டும். சாலையை விட்டு இறங்கி ஈர மணலில் ஓட்டுவதை எந்தக் காருக்கும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

பழைய கார் வாங்குவதானால் கடலிலிருந்து விலகிய ஊரில் ஓடிய காரைத் தேடுங்கள். கோவையிலோ சேலத்திலோ ஓடிய காருக்கு உள்ள ஆயுள், துறைமுகப் பகுதியில் வெயிலிலும் உப்பிலும் நின்ற காருக்கு இராது.

பதில்: தொண்டி ஈசிஆர்

மன்னிக்கவும், எனக்கு வேறு கருத்து உண்டு. முழங்கால் வலி உள்ள ஒரு தாய் ஏறி இறங்க வேண்டிய காரில், இருக்கை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும். தாழ்ந்த காரில் உட்காரும்போது முழங்கால் மிகவும் மடங்குகிறது, எழும்போது உடலின் முழுப் பாரமும் அதில் இறங்குகிறது. மூன்று வரிசை இருக்கை கொண்ட கியா கேரன்ஸ் டர்போ பெட்ரோலை ஒருமுறை பாருங்கள். 160 குதிரைத்திறனும் 253 நியூட்டன் மீட்டரும் குடும்பக் காருக்குக் குறைவன்று. மூன்றாம் வரிசையை மடித்தால் டிக்கி எஸ்டேட்டுக்கு நிகராகிவிடும். பின்கதவு அகலமாகத் திறக்கும். கிராமத்து வேகத்தடைகளிலும் அடி தட்டாது. பழுது பார்க்க மதுரைக்கு அப்பால் அலையவும் வேண்டாம்.

மறுமொழி: கீழக்கரைவாசி

மூவருக்கும் நன்றி. தொண்டி நண்பர் சொன்ன இருக்கை உயரம் என் மனத்தில் ஆழமாகப் பதிந்தது. ஆயினும் கேரன்ஸ் 2022-இல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் 3 நட்சத்திரம்தான் பெற்றது. ஆக்டேவியாவும் வி90-உம் யூரோ என்கேப் சோதனையில் 5 நட்சத்திரம் பெற்றவை. இரண்டு அமைப்புகளின் சோதனை முறைகளும் வெவ்வேறு என்பதை அறிவேன். இருந்தாலும் விரைவாக ஓட்ட விரும்பும் ஒருவன், பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அந்த வேறுபாட்டைக் கண்டுகொள்ளாமல் இருக்க முடியாது. மேலும் ஆனி, ஆடி மாதங்களில் கச்சான் காற்று பலமாக வீசும்போது, பாம்பன் பாலத்தில் உயரமான வண்டியைக் காற்று பக்கவாட்டில் தள்ளுவதை ஸ்டியரிங்கிலேயே உணரலாம். தாழ்ந்த காரின்மேல் எனக்குள்ள பற்றுக்கு அதுவும் ஒரு காரணம்.

இரண்டு ஐயங்கள் எஞ்சியுள்ளன. 521 லிட்டர் டிக்கியோடு ஸ்கோடாவின் ஸ்லாவியா 1.5 செடான் புதிதாகவே கிடைக்கிறதே, அது போதாதா? ஆக்டேவியாவின் தரை இடைவெளி நம் ஊர்ச் சாலைக்குப் போதுமா?

பதில்: சேதுச்சாலை

ஸ்லாவியா நல்ல கார் என்பதில் ஐயமில்லை. 150 குதிரைத்திறன், என்ஜின் நிமிடத்துக்கு 1600 சுற்று சுற்றும்போதே தொடங்கிவிடும் 250 நியூட்டன் மீட்டர், குளோபல் என்கேப்பில் 5 நட்சத்திரம், 179 மில்லிமீட்டர் தரை இடைவெளி. உங்களுக்குப் பிள்ளைகளும் பெட்டிகளும் மட்டும் இருந்திருந்தால் அதையே வாங்கச் சொல்லியிருப்பேன். ஆனால் செடானின் டிக்கியில் லிட்டர் கணக்கு ஒருபுறம், வாயின் அளவு மறுபுறம். உள்ளே இடம் இருந்தாலும், மடக்கிய சக்கர நாற்காலியைச் சாய்த்துத் திருகித்தான் நுழைக்க வேண்டியிருக்கும். மருத்துவமனை வாசலில், உம்மா காத்து நிற்கும்போது, உங்கள் மனைவி தனியாக அதைச் செய்ய நேரலாம். லிஃப்ட்பேக்கில் கண்ணாடியும் மேலே போய்விடுவதால் நாற்காலியை நிமிர்த்தபடியே உள்ளே வைக்கலாம். எஸ்டேட்டை நீங்கள் விரும்புவதற்கு அடிப்படையான காரணமே இந்தத் திறப்புத்தான் என்று கருதுகிறேன்.

தரை இடைவெளியில் ஆக்டேவியா தாழ்ந்ததுதான். அதை மறைத்துச் சொல்ல விரும்பவில்லை. ஐந்து பேர் ஏறினால் இன்னும் தாழும். உயரமான வேகத்தடைகளைக் குறுக்காக, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்க வேண்டும். உங்கள் வீட்டுத் தெருவிலேயே அப்படிப்பட்ட தடைகள் இருந்தால், அல்லது வாலிநோக்கம், மூக்கையூர் பக்கம் உள்சாலைகளில் அடிக்கடி போக வேண்டியிருந்தால், பொறுத்திருந்து வி90 கிராஸ் கண்ட்ரியையே தேடுங்கள். அதன் உயரம் உம்மாவின் முழங்காலுக்கும் உதவும். தொண்டி நண்பரின் கவலைக்கும் அதுவே சரியான விடை. அதற்கான சேவை மையம் நம் மாவட்டத்தில் இல்லை என்பதையும், ஒவ்வொரு சர்வீசுக்கும் வெளியூர்ப் பயணம் உண்டு என்பதையும் ஏற்றுக்கொண்ட பிறகே பணத்தைக் கட்டுங்கள்.

ஆக்டேவியா என முடிவு செய்தால் ஒன்றைக் கவனியுங்கள்: 190 குதிரைத்திறன் கொண்ட அந்தக் கார் 2023-இல் நம் நாட்டில் நின்றுவிட்டது, எனவே பழையதாகத்தான் கிடைக்கும். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலே இப்போது எங்கும் கிடைக்கிறது. அதைத் தாங்கும் ரப்பர் குழாய்களும் சீல்களும் 2023 ஏப்ரலுக்குப் பிந்தைய கார்களில்தான் உறுதி. எனவே வாங்கும் காரின் கையேட்டைத் திறந்து எந்த விகிதம் வரை அனுமதி என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சோதனை ஓட்டத்துக்குத் தனியாகப் போகாதீர்கள். உம்மாவையும், சிறியவளின் குழந்தை இருக்கையையும், சக்கர நாற்காலியையும் கொண்டுசெல்லுங்கள். குழந்தை இருக்கையைப் பின்வரிசையின் ஓரத்தில் ஐசோஃபிக்ஸ் கொக்கியில் (குழந்தை இருக்கையைப் பூட்டுவதற்காகக் காரிலேயே உள்ள கொக்கி) மாட்டி, மறு ஓரத்தில் உம்மாவை அமர்த்தி, நடுவில் பெரிய பிள்ளை தோள் இடிக்காமல் பெல்ட் போட முடிகிறதா என்று பாருங்கள். பிறகு ஐவருமாக இருவழிச் சாலையில் ஓட்டி, 60-இல் போகும்போது ஆக்சிலரேட்டரை அழுத்தினால் கியர் இறங்கி இழுக்க எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதைக் கவனியுங்கள். பிரேக்கையும் அந்தப் பாரத்தோடேயே சோதியுங்கள்.

பதில்: மண்டபம் முகாம்

இதனுடன் ஒன்று சேர்க்கிறேன். பழைய காரை வொர்க்ஷாப் லிஃப்டில் ஏற்றி அடிப்பகுதியைக் காட்ட விற்பவர் மறுத்தால், பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஏற்றிக் காட்டினால், பிரேக் குழாய்கள் பாடியில் பொருத்தப்பட்டிருக்கும் கிளிப்புகளின் அருகிலும், பின் சஸ்பென்ஷன் போல்ட்டுகளைச் சுற்றியும் விளக்கடித்துப் பாருங்கள். புதிதாகக் கறுப்பு அண்டர்கோட்டிங் (துருவைத் தடுக்க அடிப்பகுதியில் அடிக்கும் பூச்சு) அடித்திருந்தால் அதை நல்ல அறிகுறியாகக் கொள்ளாமல், அதன் அடியில் என்ன இருக்கிறது என்று ஓரிடத்திலாவது சுரண்டிப் பார்க்க அனுமதி கேளுங்கள்.