மறு: கோடை ஷால் செய்முறை – ‘ஒருசுற்று’, ‘இருசுற்று’ என்று வைக்கலாமா?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். கொக்கி ஊசியால் நூலைப் பின்னும் குரோஷா வேலையில் கோடை ஷால் போடும் செய்முறையைத் தமிழில் எழுத ஆரம்பித்ததும் சொற்கள் இடறிவிட்டன. இந்த இழையில் வந்த மடல்களை எல்லாம் பொறுமையாகப் படித்தேன். என் கருத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் அடுத்த கோடைக்குள் இந்தத் தாள் எங்கள் பெண்கள் கையில் இருக்க வேண்டும்.

மயிலாடுதுறைப் பக்கம் குரோஷா புதிதல்ல. வாசல் தோரணம், டிவி மூடி, குழந்தைக் குல்லா என்று வீட்டுக்கு வீடு ஏதாவது ஒன்று தொங்கும். அதற்கெல்லாம் யாரும் செய்முறைத் தாள் வைத்துக்கொண்டதில்லை. பக்கத்து வீட்டில் பார்த்து, அதே மாதிரி கை போகும். ஷால் அப்படி வராது. சித்திரை வைகாசிப் புழுக்கத்தில் தோளில் போட்டால் கனக்கக் கூடாது, காற்று புக வேண்டும், ஸ்கூட்டியில் போகும்போது வெயில் நேரே தோளில் இறங்கவும் கூடாது. இதற்கு நூலின் பருமன், கொக்கியின் அளவு, போடும் கண்ணியின் (ஆங்கிலத்தில் ஸ்டிச்) உயரம் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். அதனால் இணையத்தில் கிடைக்கும் ஆங்கிலச் செய்முறைகளைத் தேடிப் போகிறார்கள். அங்கேதான் சிக்கல்.

> குரோஷே சொற்களை அப்படியே ஒலிபெயர்த்து எழுதிவிடலாமே. சிங்கிள், டபுள், ட்ரெபிள் எல்லாருக்கும் தெரிந்ததுதானே?

தம்பி, தெரிந்ததுதான், ஆனால் எந்த ஊர் டபுள் என்பது தெரியாது. அமெரிக்கர்கள் சிங்கிள் என்று சொல்லும் அதே கண்ணியை பிரிட்டனில் டபுள் என்கிறார்கள். அமெரிக்க டபுள் பிரிட்டனில் ட்ரெபிள். இங்கே பழைய தலைமுறை கான்வென்ட் பள்ளிகளில் கற்றது பிரிட்டிஷ் முறை. இன்று வீடியோவில் பார்ப்பது பெரும்பாலும் அமெரிக்க முறை. எங்கள் தெருவில் ஒருவர் போன வருடம் ஓர் அமெரிக்கச் செய்முறையைப் பார்த்து ஷால் ஆரம்பித்தார். டபுள் என்று இருந்ததைத் தான் பள்ளியில் கற்ற டபுளாகவே போட்டார். வரிசைக்கு வரிசை இருக்க வேண்டிய உயரத்தில் பாதிகூட வரவில்லை. கண்ணிகள் நெருங்கி, துணி தடித்து, நூல் தீர்ந்த பிறகு பார்த்தால் கால்மிதி மாதிரி ஒரு பலகை. அவர் கைத்திறனில் ஒரு குறையும் இல்லை. சொல்தான் அவரை ஏமாற்றியது. இந்தக் குழப்பத்தை நாம் தமிழில் ஒலிபெயர்த்துக் குடியேற்ற வேண்டிய அவசியம் என்ன?

கை என்ன செய்கிறது என்பதிலிருந்து சொல்லை எடுப்போம் என்பதே நான் சொல்ல வருவது. தையல் சொல்லிக்கொடுக்கும் யாரும் ‘ஊசியை உள்ளே விட்டு வாங்கு’ என்றுதான் சொல்வார்கள். குத்து, சுற்று, வாங்கு என்ற மூன்று வினை போதும், குரோஷா முழுவதையும் சொல்லிவிடலாம். கொக்கியைக் கண்ணிக்குள் விடுவது குத்து. நூலைக் கொக்கியின் மேல் போடுவது சுற்று. அதை இழுத்து வெளியே கொண்டுவருவது வாங்கு.

ஆங்கிலத்தில் சண்டையாக இருக்கும் உயர வேறுபாடு எங்கிருந்து வருகிறது? குத்துவதற்கு முன்னால் கொக்கியில் நூலை எத்தனை தடவை சுற்றினோம் என்பதிலிருந்துதான். ஒன்றுமே சுற்றாமல் குத்தினால் மிகக் குட்டையான கண்ணி. ஒரு தடவை சுற்றிக் குத்தி, கொக்கியில் இருக்கும் வளையங்களை இரண்டிரண்டாக வாங்கினால் அடுத்த உயரம். இரு தடவை சுற்றினால் அதற்கும் மேல். ஆகவே:

சுற்றாக் கண்ணி (அமெரிக்க சிங்கிள், பிரிட்டிஷ் டபுள்)
ஒருசுற்றுக் கண்ணி (அமெரிக்க டபுள், பிரிட்டிஷ் ட்ரெபிள்)
இருசுற்றுக் கண்ணி (அமெரிக்க ட்ரெபிள், பிரிட்டிஷ் டபுள் ட்ரெபிள்)

மூன்று சுற்றினால் முச்சுற்று, அவ்வளவுதான். பெயரைப் படித்தாலே கை அதைச் செய்துவிடும். எந்த நாட்டு முறை என்று தாளின் மேல் குறிப்பு எழுத வேண்டாம்.

அமெரிக்கர்கள் ஹாஃப் டபுள் என்பது இடையில் நிற்கிறது. அதில் ஒரு தடவை சுற்றிக் குத்துகிறோம், ஆனால் கொக்கியில் இருக்கும் மூன்று வளையத்தையும் ஒரே இழுப்பில் வாங்கிவிடுகிறோம். கும்பகோணத்து அக்கா ‘அரைச்சுற்று’ என்று எழுதியிருந்தார். அக்கா, அதில் அரைச் சுற்று எங்கேயும் நடப்பதில்லை, முழுதாக ஒரு சுற்றுத்தான். புதிதாகக் கற்பவள் கொக்கியில் நூலைப் பாதி சுற்றி விட்டு விழிப்பாள். ‘ஒருவாங்குக் கண்ணி’ என்று வைத்தால் என்ன?

அடுத்து, கண்ணி என்ற சொல்லைப் பற்றி.

> கண்ணி என்றாலே கண்ணிவெடியும் பறவைக்கு வைக்கும் பொறியும்தான் நினைவுக்கு வருகிறது. ‘தையல்’ என்றே இருக்கட்டுமே?

தையல் இரு துணியைச் சேர்ப்பது. இங்கே துணியே இல்லை, நூலிலிருந்து துணி பிறக்கிறது. கண்ணி என்பது வளையமாக முடிந்த கயிறு, சங்கிலியின் ஒரு வளையம், தலையில் சூடும் பூமாலை என்று பல வழியில் நம்மிடம் புழங்கிய சொல். வெடிக்கு அந்தப் பெயர் வந்ததே அது மறைந்திருந்து மாட்டவைப்பதால்தான். அதற்காக முழுச் சொல்லையும் விட்டுக்கொடுக்க வேண்டாம். தஞ்சாவூர்க் கதம்பம் கட்டுபவர் விரல்களைப் பாருங்கள். பூவை வைத்து, வாழைநாரை ஒரு வளையமாகத் திருப்பி, அதற்குள்ளேயே நாரை வாங்கி இறுக்குகிறார். ஒன்று இறுகிய பிறகுதான் அடுத்த பூ. குரோஷாவிலும் ஒரு கண்ணி முழுதாக முடிந்த பிறகுதான் அடுத்தது தொடங்கும். எப்போதும் ஒரே ஒரு வளையம்தான் கொக்கியில் காத்திருக்கும். ஸ்வெட்டர் பின்னும் இரட்டை ஊசி வேலையில் ஒரு வரிசைக் கண்ணிகள் முழுவதும் ஊசியில் உயிரோடு நிற்கும், ஊசி நழுவினால் எல்லாம் அவிழும். இரண்டுக்கும் உள்ள அடிப்படை வேறுபாடே இதுதான்.

கண்ணி என்று வைத்துக்கொண்டால் இன்னொரு வசதியும் கிடைக்கிறது. நாகப்பட்டினம், பூம்புகார் மீனவர்கள் வலையின் ஓட்டையைக் கண் என்கிறார்கள். பெரிய கண், சின்னக் கண் என்று வலையைத் தரம் பிரிக்கிறார்கள். நாமும் போடுவதைக் கண்ணி என்றும், கண்ணிகளுக்கு நடுவே விடும் திறப்பைக் கண் என்றும் சொல்லலாம். கோடை ஷாலுக்கு உயிரே அந்தக் கண்தான். நூலை மெலிசாக எடுத்தாலும் கண் விடாமல் போட்டால் புழுங்கும்.

துணி தோளில் விழும் விதத்துக்கு ‘தொங்குதன்மை’ என்று ஒருவர் பரிந்துரைத்திருந்தார். இதற்குப் புதுச்சொல்லே வேண்டாம். கும்பகோணத்தில் சேலைக் கடைக்குப் போகும் எந்தப் பெண்ணும் துணியைக் கையில் அள்ளிப் பார்த்து ‘குழைவா இருக்கு’, ‘விறைப்பா இருக்கு’ என்பார். குழைவு, விறைப்பு. இரண்டையும் அப்படியே எடுத்துக்கொள்வோம். குழைவு வேண்டுமானால் நூலுக்குச் சொல்லப்பட்ட கொக்கியை விடப் பெரிய கொக்கியில் போட வேண்டும் என்று ஒரே வரியில் எழுதிவிடலாம். 2 அல்லது 2.5 மில்லிமீட்டர் கொக்கிக்கான பருத்தி நூலை 3.5-இல் போட்டுப் பாருங்கள், அதே நூல் வேறு துணியாகிவிடும். நான் அப்படிப் போட்டது 200 கிராமுக்குள் அடங்கியது.

மெர்சரைஸ்டு நூலுக்கு மூன்று பேர் மூன்று சொல் எழுதியிருக்கிறீர்கள். பருத்தி நூலைக் காஸ்டிக் சோடாவில் பதப்படுத்தும் முறை அது. வலு கூடும், சாயம் நன்றாகப் பிடிக்கும், இழுத்துப் பிடித்தபடி செய்தால் பளபளப்பும் வரும். 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் அதைக் கண்டறிந்த ஜான் மெர்சரின் பெயரால் வந்த சொல். ஆள்பெயர், அப்படியே இருக்கட்டும்.

கடைசியாக அந்த ஆடைக்கே பெயர். சால்வை என்றால் மேடையில் போர்த்துவது, போர்வை என்றால் மார்கழி. ‘தோள்சீலை’ என்று ஓர் ஐயா எழுதியிருந்தார். அழகான சொல், ஆனால் எனக்கு மனம் ஒப்பவில்லை. தென் திருவிதாங்கூரில் மேலாடை அணியும் உரிமைக்காகப் பெண்கள் அடிபட்டு, 1859-இல் அரசாணை வரும்வரை போராடிய போராட்டத்தின் பெயர் அது. அந்தச் சொல்லை அங்கேயே மரியாதையாக விட்டுவைப்போம். சுடிதார் மேல் போடும் துணியை நம் ஊரில் எல்லாரும் ஷால் என்றுதான் சொல்கிறோம். கோடை ஷால் போதும்.

அன்புடன்,
மயிலாடுதுறையிலிருந்து

———

அம்மா, வணக்கம்.

தோள்சீலை என்று எழுதியவன் நான்தான். நீங்கள் சொன்ன காரணம் சரி, அதை விலக்கிக்கொள்கிறேன். ஒருசுற்று, இருசுற்று எண்ணிக்கை முறை எனக்குப் பிடித்திருக்கிறது. திருபுவனத்துத் தறிக்காரர்களிடம் பாவு, ஊடை, அச்சு, விழுது, நாடா என்று ஒவ்வொன்றுக்கும் சொல் இருப்பது போல இந்தக் கைவேலைக்கும் அமைய வேண்டும்.

ஒன்றைத்தான் மறுக்கிறேன். ‘ஒருவாங்கு’ என்பது பேச்சில் நிற்கலாம், எழுத்தில் வாங்கு என்பது ஏவலாகவோ உட்காரும் பலகையாகவோ படும். ‘ஓரிழுப்புக் கண்ணி’ என்றால் ஐயம் வராது. சொல்லும் சேர்ந்தாற்போல் ஒலிக்கிறது.

இன்னொரு கேள்வி. போட்டு முடித்த பின் நனைத்து, அளவுக்கு இழுத்து, ஊசி குத்திக் காயவைக்கும் வேலைக்கு என்ன சொல்லப்போகிறீர்கள்? அதை விட்டுவிட்டீர்கள்.

தஞ்சையிலிருந்து

———

ஐயா, வணக்கம்.

ஓரிழுப்பு நன்றாக இருக்கிறது. சொல்லிப் பார்த்தேன், வாயில் தடுக்கவில்லை. அதையே வைத்துக்கொள்கிறேன்.

நனைத்துக் காயவைப்பதற்கு நாங்கள் ‘படியவைத்தல்’ என்கிறோம். ‘கொசுவம் நல்லா படிஞ்சிருக்கு’ என்று சேலைக்குச் சொல்வதில்லையா, அதே படிதல். இதைச் செய்முறையில் தனிப் பத்தியாகவே எழுத வேண்டும், ஏனென்றால் பலர் இதைத் துவைப்பதோடு சேர்த்துவிடுகிறார்கள். நனைந்த பருத்தி நல்ல கனம். கம்பளி நூல் மாதிரி அது பழைய நிலைக்குச் சுருங்கித் திரும்பாது. ஈரத்தோடு கொடியில் போட்டால் தன் கனத்திலேயே கீழே இறங்கி, கண்கள் நீள்கோடாகிவிடும். தண்ணீரை முறுக்காமல் துண்டில் ஒற்றி எடுத்து, நிழலில் கோரைப்பாயைப் போட்டு அதன் மேல் படுக்கை வாட்டில் விரிக்க வேண்டும். பாயின் கோடுகளையே அளவாக வைத்து ஓரத்தை நேராக்கலாம். கோரை ஈரத்தையும் அடியில் தேங்கவிடாது. குத்துவதற்குத் துருப்பிடிக்காத குண்டூசி வேண்டும். ஈரத்துணியில் ஒரு ராத்திரி இருந்தால் துருக்கறை இறங்கிவிடும், அப்புறம் எதற்கும் போகாது.

சொற்கள் நடைமுறையில் ஓடுகின்றனவா என்று பார்க்கத் தாளின் முதல் பகுதியைக் கீழே எழுதியிருக்கிறேன். குரோஷா தெரிந்தவர் ஒருவரிடமும் கொக்கியே பிடிக்காத ஒருவரிடமும் படித்துக் காட்டி, எங்கே நின்றார்கள் என்று மட்டும் எழுதுங்கள்.

கோடை ஷால். நீளம் ஏறக்குறைய 180 சென்டிமீட்டர், அகலம் 45. முதலில் 10 சென்டிமீட்டருக்கு ஒரு மாதிரித் துண்டு போட்டுப் படியவைத்துப் பாருங்கள். விறைப்பாக இருந்தால் ஓர் அளவு பெரிய கொக்கிக்குப் போங்கள்.

தொடக்கம்: 4 மில்லிமீட்டர் கொக்கியில் 94 சங்கிலிக் கண்ணி (எதிலும் குத்தாமல், நூலைச் சுற்றி கொக்கியில் இருக்கும் வளையத்தின் வழியே வாங்குவது). தொடக்க ஓரம் சுருங்காமல் இருக்கவே இந்தப் பெரிய கொக்கி. அப்புறம் 3.5-க்கு மாறுங்கள்.

வரிசை 1: கொக்கியிலிருந்து ஆறாவது சங்கிலியில் ஒருசுற்றுக் கண்ணி. பிறகு 1 சங்கிலி, ஒன்றை விட்டு அடுத்ததில் ஒருசுற்றுக் கண்ணி. வரிசை முடியும்வரை இதுவே. 45 கண் இருக்க வேண்டும், எண்ணிப் பாருங்கள்.

வரிசை 2: 4 சங்கிலி போட்டுத் திருப்புங்கள். இதில் 3 சங்கிலி முதல் ஒருசுற்றுக் கண்ணிக்குப் பதில், நான்காவது கண்ணுக்கு. கீழ் வரிசையில் ஒருசுற்று நிற்கும் இடத்தின் தலையில் ஒருசுற்றுக் கண்ணி, நடுவில் 1 சங்கிலி. கடைசி ஒருசுற்றுக் கண்ணியைக் கீழ் வரிசை தொடங்கிய சங்கிலிகளில் மூன்றாவதன் தலையில் போடுங்கள். இதைத் தவறவிட்டால் வரிசைக்கு ஒரு கண் குறைந்து, ஷால் ஒரு பக்கமாகச் சரியும்.

நீளம் வரும்வரை வரிசை 2. கடைசியில் நான்கு ஓரத்திலும் சுற்றாக் கண்ணி ஒரு வரிசை, மூலையில் மட்டும் ஒரே இடத்தில் மூன்று.

ஓர வேலைப்பாட்டுக்கு அக்கா அனுப்பிய மாங்காய் மாதிரி அடுத்த மடலில்.

மயிலாடுதுறையிலிருந்து