'குவைட்', 'டேம்', 'ப்ளடி': மலேசிய வாசகர்களே, இந்த ஆங்கிலச் சொற்களால் உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

பாயான் லெப்பாஸ்:
எங்கள் பேக்டரிக்கு லண்டனிலிருந்து வந்த ஆடிட்டர், லைனைச் சுற்றிப் பார்த்துவிட்டு "குவைட் குட்" என்றார். சூப்பர்வைசர் அக்காவுக்கு வாயெல்லாம் பல். அன்று மதியம் அக்கா செலவில் எல்லாருக்கும் 'நாசி கண்டார்' சாப்பாடு. பிறகு ரிப்போர்ட் வந்தது, சுமாரான மார்க். அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். மனதில் இருப்பதை நேராகச் சொன்னால் என்ன? எனக்கு இன்னும் ஆறவில்லை.

செந்தூல்:
அம்மா கான்வென்ட்டில் டீச்சராக இருந்தவர். தீபாவளிக்கு அவர் சுட்ட முறுக்கைக் கடித்த என் மகன், "டேம் செடாப் லா பாட்டி!" என்றான். 'ரொம்ப ருசி' என்பதைக் கோலாலம்பூர் பிள்ளைகள் அப்படித்தான் சொல்வார்கள். அம்மா காதில் 'டேம்' சாபம். தட்டை அவன் கையிலிருந்து வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். அப்புறம் பாட்டி சமையலைப் பற்றி அவன் வாயே திறப்பதில்லை.

பிரிக்பீல்ட்ஸ்:
பாயான் லெப்பாஸ் நண்பரே, ஆடிட்டர் எதையும் மறைக்கவில்லை. இங்கிலாந்தில் 'குவைட் குட்' என்றால் பெரும்பாலும் 'பரவாயில்லை'. அமெரிக்கர் சொன்னால் நிஜமாகவே நன்றாக இருக்கிறது. அதே இங்கிலாந்துக்காரர் 'குவைட் இம்பாஸிபிள்' என்றால் அறவே முடியாது. எனக்கும் ஒரு இன்டர்வியூவில் 'குவைட் குட்' கிடைத்தது, வேலை கிடைக்கவில்லை. அதனால் எல்லாரும் குரலைக் கவனியுங்கள். அழுத்தம் 'குவைட்' மேல் விழுந்தால் பாராட்டில் பாதி போச்சு. இன்டர்வியூவில் 'டேம்' வேண்டவே வேண்டாம், 'ரியலி' போதும். பிள்ளைகளுக்கும் இப்போதே சொல்லி வையுங்கள்.

பட்டர்வொர்த்:
செந்தூல் அக்கா அறிவுரை கேட்கவில்லையே. பிள்ளை ஆசையாகச் சொன்னது அது.

எங்கள் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு ஓர் ஆஸ்திரேலியர் வந்தார். அவர்கள் ஊரில் 'ப்ளடி' சர்வசாதாரணம். 2006இல் அவர்களுடைய சுற்றுலா விளம்பரத்திலேயே அந்தச் சொல் வர, பிரிட்டிஷ் டிவியில் முதலில் தடை போட்டார்கள். ரசத்தைக் குடித்துவிட்டு அவர் அப்பாவைப் பார்த்து "ப்ளடி குட்!" என்றார். அப்பா ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். துரையும் கிராணியும் (தோட்டத்துக் குமாஸ்தா) ஏசும்போது கேட்ட சொல் அது. அங்கே அதற்குப் பின்னால் 'ஃபூல்'தான் வரும். 'குட்' அவர் காதில் ஏறவே இல்லை. ரசச் செம்பை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போனவர், அந்த ஆள் காசு கொடுத்துக் கிளம்பும்வரை வெளியே வரவில்லை. எவ்வளவோ எடுத்துச் சொல்லிவிட்டேன். "பாராட்டுறவனுக்கு அந்த வார்த்தை எதுக்குடா?" என்கிறார்.